குறைமாதப் பிள்ளைக்குத் தாயின் நெஞ்சே மருந்து: அதற்கான நாட்களை யார் தருவது?

நவம்பர் 17ஆம் திகதி குறைமாதக் குழந்தைகளுக்கான உலக தினம். வைத்தியசாலைகளில் ஊதா நிறப் பதாகைகள் தொங்கும், ஒரு கூட்டம் நடக்கும், மறுநாள் எல்லாம் பழையபடி. தொழிற்சங்கப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். சம்பளம், வீடு, காணி என்று தலைக்கு மேல் பிரச்சினை இருக்கும்போது, டாக்டர்மாரும் தாதிமாரும் பார்க்க வேண்டிய காரியத்தைச் சங்கம் ஏன் தூக்கிக்கொண்டு வருகிறது?

காரணம் இருக்கிறது. குறைமாதப் பிள்ளையைப் பிழைக்க வைக்கும் வழிகளில் மிகப் பலமான ஒன்று, அதைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்து இரவும் பகலும் வைத்திருப்பது என்று மருத்துவ உலகம் இன்று உறுதியாகச் சொல்கிறது. அதற்கு இறக்குமதி மருந்து வேண்டாம், டொலர் வேண்டாம். தாயின் நேரம் வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணின் நேரம் யார் கையில் இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இது லீவுப் பிரச்சினை, சம்பளப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை. சங்கம் பேசியே ஆக வேண்டும்.

நம் பிள்ளைகளின் நிலை

37 வாரம் நிறையும் முன் பிறக்கும் பிள்ளை குறைமாதப் பிள்ளை. உலகில் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று இப்படித்தான் பிறக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 34 இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு பிறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து வயது நிறையும் முன் இறக்கும் பிள்ளைகளின் மரணங்களுக்கு முதற்காரணமும் குறைமாதப் பிறப்பினால் வரும் சிக்கல்களே.

இலங்கையில் பிறப்பு நிறை குறைந்த பிள்ளைகள் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டப்புறத்திலேயே அதிகம் என்பதைக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 31.7 வீதம். ஏறக்குறைய மூன்று பிள்ளைகளில் ஒன்று. சிறிதாகப் பிறக்கும் பிள்ளை சிறிதாகவே வளர்கிறது. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, வளர்ந்து, இரத்தச்சோகையோடு மலை ஏறி, கர்ப்பமாகி, மீண்டும் ஒரு சிறிய பிள்ளையைப் பெறுகிறாள். இந்தச் சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்பதே கேள்வி. கர்ப்ப காலத்துச் சாப்பாடும் ஓய்வும் முதல் இடம். பிள்ளை பிறந்த முதல் மணித்தியாலங்களும் முதல் வாரங்களும் இரண்டாவது இடம். இங்கே நாம் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

நெஞ்சோடு சேர்ப்பது எப்படி வேலை செய்கிறது?

1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில் இந்த முறை பிறந்தது. அங்கே ஏழைத் தாய்மாருக்கான ஒரு பெரிய மகப்பேற்று வைத்தியசாலையில் இன்கியூபேட்டர்கள் போதாமல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளையின் கிருமி மற்றப் பிள்ளைக்குத் தொற்றியது. எட்கர் ரே சனப்ரியா என்ற குழந்தை வைத்தியர், பிள்ளையைத் தாயின் நெஞ்சில் கட்டிவிடும் வழியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஹெக்டர் மார்ட்டினஸ் என்ற வைத்தியர் அவரோடு சேர்ந்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதுபோல என்பதால் இதற்குக் கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று பெயர் வந்தது.

செய்முறை எளிது. பிள்ளைக்கு ஒரு துணித் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். மேல் சட்டையில்லாத தாயின் இரு மார்புகளுக்கும் நடுவே பிள்ளையை நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சு படும்படி வைக்க வேண்டும். கால்கள் தவளை இருப்பதுபோல் மடிந்திருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சு தடைப்படாதபடி கழுத்து சற்று நிமிர்ந்திருக்கும். அதன்மேல் ஒரு துணியால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, தாய் தன் சட்டையாலோ போர்வையாலோ மூடிக்கொள்வாள். தாய் தட்டையாகப் படுக்காமல் தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்திருப்பாள்.

இது ஏன் வேலை செய்கிறது? குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. தன் சூட்டைத் தானே காக்க அதனால் முடியாது. உடம்பு குளிர்ந்தால் சூட்டை உண்டாக்கவே தன் பலத்தை எல்லாம் செலவழித்துவிடும். பால் குடிக்கவும் மூச்சுவிடவும் தெம்பு இருக்காது. தாயின் உடம்பு அந்தச் சூட்டை இடைவிடாமல் கொடுக்கிறது. தாயின் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் அருகில் இருக்கும்போது பிள்ளையின் மூச்சும் சீராகிறது. மார்பு பக்கத்திலேயே இருப்பதால் பால் சுரப்பது கூடுகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பொதுவாக உறிஞ்சி விழுங்கத் தெரியாது. அப்போதும் தாய் பாலைப் பிழிந்தெடுத்து, தாதியின் உதவியோடு குழாய் வழியாகவோ சிறு கோப்பையாலோ கொடுக்கலாம். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் பிள்ளையின் முதல் தடுப்பு மருந்து. தாயின் தோலில் உள்ள சாதாரணக் கிருமிகள் பிள்ளையின் உடம்பில் குடியேறுவதால், வைத்தியசாலையின் கொடிய கிருமிகளுக்கு இடம் குறைகிறது.

பிள்ளை திடமான பிறகா, பிறந்த உடனேயா?

நீண்ட காலமாக வைத்தியர்கள் சொன்னது இதுதான்: முதலில் பிள்ளை இன்கியூபேட்டரில் இருக்கட்டும், மூச்சும் சூடும் நிலைப்படட்டும், பிறகு தாயிடம் கொடுக்கலாம். ஆனால் மிகச் சிறிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் இறப்பது அந்தக் காத்திருக்கும் முதல் நாட்களில்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் வைத்தியசாலைகளில் ஓர் ஆய்வை நடத்தியது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குக் குறைவான நிறையோடு பிறந்த 3,211 பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் வைத்தார்கள். மறுபாதியினரை வழமைபோல் நிலைப்பட்ட பின் வைத்தார்கள். 2021ஆம் ஆண்டு முடிவு வெளியானது. வழமையான முறையில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 15.7 வீதம். உடனே நெஞ்சில் வைத்த பிள்ளைகளில் 12 வீதம். நூறில் ஏறக்குறைய நான்கு உயிர். வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால், மற்றப் பிள்ளைகளுக்கு இதை மறுப்பது சரியல்ல என்று ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலை மாற்றியது. குறைமாதமாகவோ நிறை குறைந்தோ பிறக்கும் பிள்ளைகளுக்கு, பிறந்தபின் எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக இதைத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை, முடிந்தவரை கூடுதலாகச் செய்ய வேண்டும் என்கிறது அது. தானாக மூச்சுவிட முடியாத, செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிற, அதிர்ச்சி நிலையில் உள்ள பிள்ளைகள் மட்டுமே விதிவிலக்கு. எந்தப் பிள்ளைக்கு எப்போது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். ஆனால் "இன்கியூபேட்டர் முதலில், அம்மா பிறகு" என்ற பழைய வரிசை இனி இல்லை.

விலையில்லாத மருந்தா?

இந்த முறைக்குச் செலவே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. மேற்சொன்ன ஆய்வில் உயிர் தப்பிய பிள்ளைகள் தீவிர பராமரிப்புப் பிரிவில் இருந்த நாட்களில் தாயின் அல்லது வீட்டாரின் நெஞ்சில் இருந்த நேரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17 மணித்தியாலம். மற்றப் பிரிவில் அது ஒன்றரை மணித்தியாலம். பார்வையாளர் நேரத்தில் வந்து பத்து நிமிடம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவது இந்தக் கணக்கில் சேராது.

17 மணித்தியாலம் என்றால், அது இரண்டு பேரின் வேலைநாளுக்கும் மேல். அந்த நேரம் முழுவதும் ஒரு பெண் கொழுந்து எடுக்க முடியாது, விறகு சுமக்க முடியாது, பீலியில் தண்ணீர் பிடிக்க முடியாது, மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. பிள்ளை வைத்தியசாலையிலிருந்து வீடு வந்த பிறகும் இது தொடர வேண்டும். நிறை 2.5 கிலோவை எட்டும் வரை, அல்லது நிறைமாதக் கணக்கு முடியும் வரை, பிள்ளை தானே நெளிந்து கையை காலை உதைத்து "போதும்" என்று காட்டும் வரை.

ஆகவே இந்த மருந்துக்கு விலை உண்டு. அதை இதுவரை தாய் ஒருத்தியே கொடுத்துவந்தாள், அல்லது கொடுக்க முடியாமல் பிள்ளையை இழந்தாள். அந்த விலையைப் பங்கிட வேண்டும் என்பதே எமது வாதம்.

84 நாள் கணக்கு

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் பிரசவ லீவு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. 12 வாரம், அதாவது 84 நாள். பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம் என்பது அதன் அடிப்படை. ஞாயிறும் போயாவும் இதற்குள்ளேயே எண்ணப்படும். கடைகள், காரியாலயங்களில் வேலை செய்யும் பெண்ணுக்கும் 84 நாள்தான். ஆனால் அவளுக்கு விடுமுறை நாட்கள் அதில் கழிக்கப்படுவதில்லை. அரச ஊழியப் பெண்ணுக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்துடன் கிடைக்கிறது. தேவையானால் அதன்பின் 84 நாள் அரைச் சம்பளத்துடனும், இன்னும் 84 நாள் சம்பளமின்றியும் எடுக்கலாம். அதே லயத்தில் பிறந்து வளர்ந்து இன்று தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கும் மகளுக்குக் குறைமாதப் பிள்ளை பிறந்தால் வீட்டில் இருக்க வழி உண்டு. கொழுந்து எடுக்கும் அவள் அக்காவுக்கு இல்லை.

இனிக் குறைமாதப் பிள்ளையின் கணக்கைப் போடுவோம். 28 வாரத்தில் ஒரு பிள்ளை பிறக்கிறது. நிறைமாதம் 40 வாரம். மீதி 12 வாரம், அதாவது சரியாக 84 நாள். லீவு முழுவதையும் பிரசவத்தன்று தொடங்கி எண்ணிக் கொடுத்தாலும், லீவு முடியும் நாள்தான் அந்தப் பிள்ளை உண்மையில் பிறந்திருக்க வேண்டிய நாள். நிறைமாதத்தில் பெற்றவள் பிரசவ அறைக்குப் போகும் அந்த நாளில், குறைமாதத்தில் பெற்றவள் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்த பிள்ளை என்றால் 56 நாள் அந்தக் கணக்கிலேயே போய்விடும். கையில் மிஞ்சுவது 28 நாள்.

சட்டம் எழுதியவர்கள் பிள்ளை நிறைமாதத்தில் பிறக்கும் என்று எண்ணி எழுதினார்கள். முந்திப் பிறக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு: பிள்ளைமடுவம் இருந்தால் அரை மணித்தியாலம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீதம். நல்ல சட்டம். ஆனால் மேல் மலையில் கொழுந்தெடுக்கும் தாய் இறங்கி வந்து, உறிஞ்சத் தெம்பில்லாத இரண்டு கிலோப் பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தில் பாலூட்டிவிட்டுத் திரும்புவது எப்படி என்று கணக்கப்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

இந்த நன்மையைப் பெறவும் ஒரு தகைமை உண்டு. அதற்கு முந்திய ஓர் ஆண்டில் அந்த முதலாளியிடம் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கைக்காசு வேலைக்கும், தேயிலைப் பாத்தியைப் பங்குக்குக் கொடுக்கும் முறைக்கும் தள்ளப்படுகிற பெண்களுக்குச் செக்ரோலில் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் 84 நாளும் இல்லை. பங்குமுறை வந்தால் சுதந்திரம் வரும் என்று கம்பனிகள் சொல்லும்போது, இந்தக் கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் எழுப்ப வேண்டும்.

வைத்தியசாலையில்

இன்று நம் பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் அரச வைத்தியசாலைகளிலேயே பிரசவிக்கிறார்கள். இது பெரிய முன்னேற்றம். அந்தத் தாதியரையும் வைத்தியரையும் நாம் மதிக்கிறோம். கங்காரு முறையும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பிள்ளை ஒரு பிரிவில், தாய் இன்னொரு மாடியில் என்று இருக்கும் வரை 17 மணித்தியாலம் நடக்காது. அந்த ஆய்வு நடந்த வைத்தியசாலைகளில் தீவிர பராமரிப்புப் பிரிவுக்குள்ளேயே பிள்ளையின் பக்கத்தில் தாய்க்கும் கட்டில் போட்டார்கள். தாயின் உடல்நிலையையும் அங்கேயே கவனித்தார்கள். கட்டில், சாய்ந்திருக்க ஒரு நாற்காலி, மறைப்புக்கு ஒரு திரை. இவை பெரிய செலவுகள் அல்ல.

மொழியும் ஒரு தடை. பிள்ளையை எப்படி வைப்பது, கழுத்தை எப்படிப் பிடிப்பது, உதடு நீலமானால் உடனே யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் தாய்க்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட வேண்டும். தலையாட்டிவிட்டு வருகிற தாய், விளங்கிக்கொண்ட தாய் அல்ல. தமிழ் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர்களும் தாதியரும் மலையகத்தில் போதிய அளவு நியமிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கங்கள் பல ஆண்டுகளாக வைத்துவருகின்றன. அது வெறும் மொழியுரிமை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

போக்குவரத்தையும் சொல்ல வேண்டும். ஏழாம் எட்டாம் மாதத்தில் நோவு கண்டால், தண்ணீர் உடைந்தால், நாளை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போதே பெரிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதே நல்லது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வழியில் பிள்ளை பிறந்துவிட்டால், ஈரத்தைத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, அப்படியே கொண்டுபோக வேண்டும். பிள்ளையைத் தனியாகத் துணியில் சுற்றி இன்னொருவர் மடியில் வைத்துக்கொண்டு போவது, நுவரெலியாக் குளிரில் அதன் உயிரோடு விளையாடுவது.

லயத்துக் காம்பராவில்

வைத்தியசாலையில் தேறிய பிள்ளை வந்து சேர்வது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு. மழைக்கு ஒழுகும் தகரம், விறகு அடுப்புப் புகை, ஐந்தாறு பேர். புகை குறைமாதப் பிள்ளையின் நெஞ்சுக்குப் பகை. மேல் சட்டையைக் கழற்றிப் பிள்ளையை அணைத்தபடி இருக்க ஒரு மறைவான மூலையாவது வேண்டும். வீட்டுக்கும் காணிக்கும் நாம் நடத்தும் போராட்டத்தில் இதுவும் ஒரு காரணம்.

பெரியவர்களோடும் பேச வேண்டியிருக்கிறது. பச்சைப் பிள்ளையைத் துணியில்லாமல் வைத்தால் சளி பிடிக்கும் என்று ஆயாமார் பயப்படுவார்கள். அவர்கள் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. எத்தனையோ பிள்ளைகளைக் குளிரில் காத்துத் தந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் நாம் சொல்லலாம்: பிள்ளைக்குத் துணி இல்லாமல் இல்லை, தாயே துணி. கம்பளி இருக்கும் சூட்டைக் காக்கத்தான் செய்யும். தாயின் உடம்பு சூட்டைக் கொடுக்கும். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தாயால் முடியாத நேரத்தில் தகப்பன் நெஞ்சிலும் பிள்ளையை வைக்கலாம். பாட்டியும் வைக்கலாம். பால் கொடுக்க மட்டும்தான் தாய் வேண்டும். சூடு கொடுக்க யாரும் போதும். இதில் ஆண்பிள்ளைகளுக்கு வெட்கம் வேண்டாம். ஆனால் தகப்பனுக்கு லீவு எங்கே? அரச ஊழியருக்கு 3 நாள் உண்டு. தனியார் துறைக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, அவ்வளவுதான்.

ஏழைகளுக்கான வைத்தியமா?

இன்கியூபேட்டர் வாங்கப் பணமில்லாத நாடுகளுக்கு ஏற்பட்ட மலிவு வழியை நம் தலையில் கட்டுகிறார்களா என்ற சந்தேகம் நியாயமானது. தொடங்கியது ஏழை வைத்தியசாலையில்தான். ஆனால் இன்று சுவீடன் போன்ற வசதியுள்ள நாடுகளிலும், எல்லா இயந்திரமும் உள்ள பிரிவுகளில் பெற்றோரின் நெஞ்சில் பிள்ளையை வைக்கிறார்கள். வசதியில்லாததால் அல்ல, பிள்ளைக்கு நல்லது என்பதால்.

அதேவேளை அரசாங்கத்துக்கும் ஒன்றைச் சொல்லிவைக்கிறோம். தாயின் நெஞ்சு இருக்கிறதே என்று இயந்திரங்களையும் மருந்தையும் தாதியரையும் குறைக்க இதைச் சாட்டாக எடுக்கக் கூடாது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் மூச்சுக்கு உதவும் கருவிகளும், பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தார்கள். தாயின் நெஞ்சும் வேண்டும், வைத்தியசாலையும் வேண்டும்.

எமது கோரிக்கைகள்

முதலாவது, பிள்ளை எத்தனை நாள் முந்திப் பிறந்ததோ அத்தனை நாளைச் சம்பளத்துடன் பிரசவ லீவோடு கூட்டித் தர வேண்டும். இது நடக்காத கனவு அல்ல. பிரேசில் நாட்டின் உச்ச நீதிமன்றம், தாயும் பிள்ளையும் இருவருமே வைத்தியசாலையிலிருந்து வீடு வந்த நாளிலிருந்துதான் லீவை எண்ண வேண்டும் என்று 2022இல் தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் 2023இல் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரலிலிருந்து இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கு 12 வாரம் வரை மேலதிக லீவு கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டலிலேயே, பெற்றோருக்கான லீவும் உரிமைகளும் குறைமாதப் பிள்ளைகளின் தேவையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம் சட்டமும் மாறக்கூடியதே. மூன்றாவது பிள்ளை தொடக்கம் பாதி லீவு, வெறும் 42 நாள் என்று இருந்ததை 2018இல்தான் மாற்றினார்கள்.

இரண்டாவது, தகப்பனுக்குச் சம்பளத்துடன் லீவு.

மூன்றாவது, ஞாயிறையும் போயாவையும் பிரசவ லீவில் கழிக்கும் பாகுபாடு நீங்க வேண்டும். காரியாலயப் பெண்ணுக்கு ஒரு கணக்கு, மலைப் பெண்ணுக்கு ஒரு கணக்கு என்பது ஏற்க முடியாதது.

நான்காவது, மலையக மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் குறைமாதப் பிள்ளைப் பிரிவுகளில் தாய்க்குக் கட்டிலும், தமிழில் அறிவுறுத்தலும்.

கம்பனிகள் உடனே செலவு என்று சொல்வார்கள். ஒரு தோட்டத்தில் ஓர் ஆண்டில் இப்படிப் பிறக்கும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தோடு, பிரசவச் செலவு முழுவதையும் தனித்தனி முதலாளி தலையில் சுமத்தும் முறையே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் விரும்பாத முறை. அப்படிச் செய்தால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள். அரசும் முதலாளிகளும் சேர்ந்து ஒரு சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து கொடுக்கட்டும். அது பற்றிப் பேச நாம் தயார். கூட்டு ஒப்பந்தம் இல்லாத இந்தக் காலத்தில் சம்பளத் தொகையைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். லீவும் பிள்ளையும் மீண்டும் மேசைக்கு வர வேண்டும்.

நம் கையில் உள்ளது

சட்டம் மாறும் வரை காத்திருக்க ஒரு கிலோப் பிள்ளையால் முடியாது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் மாதர் தலைவிகளிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறோம். குறைமாதப் பிள்ளை வீடு வந்தால், அந்த லயத்துப் பெண்கள் முறை போட்டு அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கட்டும், ஒரு நேரம் சோறாக்கட்டும், மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். மரண வீட்டுக்கு நாம் யாரும் அழைக்காமலே போய் அடுப்பு மூட்டுகிறோம். பிறந்த வீட்டுக்கும் அப்படிப் போகலாம். லீவு முடிந்து பிள்ளை இன்னும் நிறை பிடிக்காமல் இருந்தால், வைத்தியரின் கடிதத்தோடு தலைவரிடம் வாருங்கள். நிர்வாகத்தோடு பேச மாவட்டக் காரியாலயம் கூட வரும். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மூச்சு இழுத்தால், உடம்பு குளிர்ந்தால், மஞ்சளானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். குறைமாதப் பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை, உறிஞ்சவும் தெம்பில்லை. அதற்குப் பதிலாகச் சத்தம் போட வேண்டியவர்கள் நாம்தான்.